காற்றுக்கு ஒரு பாதை

சிறு விமானங்களில் பரவலாகக் காணப்படும் எஞ்சின்களில் ஒன்று லைகாமிங் ஓ-360. நான்கு சிலிண்டர்கள், மொத்தக் கொள்ளளவு 5.9 லிட்டர். நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றும்போது 180 குதிரைத்திறன் தரும். நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கிறது. அந்தக் கணக்குப்படி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 8,000 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். வால்வு, வளைவு, குழாய்ச் சுவர் என்று வழியில் இழப்பதைக் கழித்தாலும் 6,500 லிட்டருக்குக் குறையாது. எடையில் அது நிமிடத்துக்கு 8 கிலோ. அதே நிமிடத்தில் எரிகிற பெட்ரோல் முக்கால் கிலோகூட இல்லை.

பெட்ரோல் கசிந்தால் மணக்கும், சொட்டும், கறை படியும். அதனால் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் எரிபொருள் குழாய்களைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். காற்று போகும் பாதை இப்படி முன்கூட்டி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. அதை மிகத் திறமையாக வடிவமைத்தால் கிடைக்கிற லாபம் சில சதவீதம். அது அடைபட்டாலோ போவது முழு எஞ்சினும். வெளிக்காற்றுக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள அந்த இரண்டு அடி தூரத்தில் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் இந்த ஏற்றத்தாழ்வை முன்வைத்தே எடுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சொந்தமாக விமானம் கட்டுவது அமெரிக்காவில் பெரிய இயக்கம். பால் போபரெஸ்னி 1953இல் தொடங்கிய ஈ.ஏ.ஏ. என்ற அமைப்பு ஆண்டுதோறும் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் நடத்தும் விழாவுக்கு இத்தகைய விமானங்கள் கூட்டம் கூட்டமாகப் பறந்து வருகின்றன. விமானத்தின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே கட்டியிருக்க வேண்டும் என்பதே அங்குள்ள விதி. எஞ்சினை விலைக்கு வாங்கலாம். இறக்கைக்கான அலுமினியத் தகடுகளை ஆரிகனில் உள்ள வான்ஸ் போன்ற நிறுவனங்கள் துளையிட்டே அனுப்புகின்றன. ஆனால் எஞ்சின் மூடிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே வரும் காற்றுப்பெட்டி அத்தனை எளிதில் பொட்டலமாக வந்துவிடாது. ஓர் எஞ்சினில் கார்புரேட்டர் கீழே தொங்கும். இன்னொன்றில் காற்றுவாய் முன்னோக்கி இருக்கும். புரொப்பெல்லர் மாறினால் மூடியின் நீளம் மாறும். கடைசியில் கட்டுகிறவர் கண்ணாடி இழைத் துணியும் எபாக்ஸி பிசினுமாக உட்கார்ந்து தன் விமானத்துக்கென்றே ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் லாபத்தைப் பார்த்துவிடலாம். விரைந்து போகும் விமானத்தின் முகப்பில் ஒரு வாய் வைத்தால் காற்று தானே வந்து மோதும். மோதி நிதானிக்கும் காற்றின் அழுத்தம் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைவிடக் கூடுதல். 8,000 அடி உயரத்தில் மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் அது அதிகபட்சம் 38 மில்லிபார் கூடும். அங்கே இயல்பான காற்றழுத்தமே ஏறக்குறைய 750 மில்லிபார்தான். ஆக, 5 சதவீதம் கூடுதல். உயரத்தை விடாமலே, 400 மீட்டர் தாழப் பறந்தால் கிடைக்கக்கூடிய அடர்த்தியான காற்று எஞ்சினுக்குக் கிடைக்கிறது. டர்போசார்ஜர் வேண்டாம், கூடுதல் எடையும் இல்லை. ஆனால் இந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் லாபம் நான்கில் ஒரு பங்காகிவிடும். மெதுவாக மேலேறும்போது, அதாவது சக்தி மிகவும் தேவைப்படும்போது, இதை நம்பியிருக்க முடியாது.

கிடைக்கிற அழுத்தத்தை வழியில் இழக்காமல் கொண்டுபோவதுதான் கைத்திறன். விரையும் காற்றை மெல்ல மெல்ல விரியும் குழாய்க்குள் விட்டால் அதன் வேகம் குறைந்து அழுத்தமாக மாறும். குழாய் சட்டென்று விரிந்தால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழல்களாகச் சிதறும். வேகம் வெப்பமாக வீணாகும். இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே கோணம் 7 டிகிரி அளவில் இருந்தால் காற்று சுவரோடு ஒட்டிப் போகும் என்பது பழகிய அளவு. அதன்படி 6 சென்டிமீட்டர் வாயிலிருந்து 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஏர் ஃபில்டர் வரை விரிய எவ்வளவு நீளம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு மீட்டருக்கும் மேல் வருகிறது. எந்தச் சிறு விமானத்தின் மூடிக்குள்ளும் இந்த நீளத்துக்கு இடமில்லை.

இதற்கு அழகான ஒரு தீர்வு உண்டு. மணிக்கு 320 கிலோமீட்டரில் எஞ்சினுக்குத் தேவையான காற்று நுழைய 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாயே போதும். வேண்டுமென்றே அதைப் பெரிதாக்கினால், எஞ்சின் கேட்காத காற்று வாய்க்கு வெளியே பிதுங்கி விலகிப் போகும். உள்ளே வரும் காற்று வாயை எட்டுவதற்கு முன்பே, திறந்த வெளியிலேயே நிதானப்பட்டுவிடும். சுவரே இல்லாத இடத்தில் சுவரை விட்டு விலகும் பிரச்சினை ஏது? அழுத்தத்தின் பெரும்பகுதி இப்படி வெளியிலேயே, இழப்பின்றி மீண்டுவிடுகிறது. மேலேறும்போது தேவைப்படும் பெரிய வாயும் இதே வடிவத்தில் கிடைக்கிறது. வாயின் உதடு மட்டும் கூர்மையாக இல்லாமல் தடித்து உருண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் விலகிப் போகும் காற்று விளிம்பில் கிழிபட்டு விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும்.

இந்தச் சில சதவீதத்துக்காகத் தொழிற்சாலைகளும் பாடுபட்டன. மூனி விமானங்கள் சிலவற்றில் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு காற்றை நேரே உள்ளே விட ஒரு கைப்பிடி இருந்தது. புழுதி இல்லாத உயரத்துக்குப் போனதும் விமானி அதைத் திறப்பார். பிந்தைய மாடல்களில் காற்றுப்பாதையே மேம்பட்டதால் அந்தக் கைப்பிடி தேவையற்றுப்போய் நீக்கப்பட்டது. நல்ல ஃபில்டரும் நல்ல குழாயும் அமைந்துவிட்டால் ஒரு கதவு குறைகிறது. பழுதாவதற்கான பாகமும் ஒன்று குறைகிறது.

அழுத்தத்தைப் போலவே வெப்பமும் சக்தியைத் தீர்மானிக்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. உள்ளே வரும் காற்று ஐந்தரை டிகிரி செல்சியஸ் கூடினால் சக்தி ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். எஞ்சின் மூடிக்குள் இருக்கும் காற்று சிலிண்டர்களின் சூட்டைத் தாங்கி வருவது. அதை எடுத்து எஞ்சினுக்கு ஊட்டுவது வீண். சொந்தமாகக் கட்டப்பட்ட விமானங்களின் மூதாதையே இந்தச் சிக்கலில் அகப்பட்டது. 1903இல் ரைட் சகோதரர்கள் தங்கள் சைக்கிள் கடையில் சார்லி டெய்லரின் உதவியோடு செய்த எஞ்சினில் இன்று நாம் அறிந்த கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் ஒரு தட்டையான அறைக்குள் சொட்டி, எஞ்சினின் சூட்டில் ஆவியாகி, உள்ளே வரும் காற்றோடு கலந்தது. எஞ்சினைக் கிளப்பிய சில விநாடிகளுக்கு 16 குதிரைத்திறன் வந்தது. ஒரு நிமிடத்தில் அது 12 ஆகக் குறைந்தது. எஞ்சின் சூடேறச் சூடேற உள்ளே போகும் காற்றும் சூடாகி மெலிந்ததே காரணம். அந்த 12 குதிரைத்திறனில்தான் அவர்கள் பறந்தார்கள்.

அடுத்தது புழுதி. மணலின் சிலிக்கா, சிலிண்டர் சுவரின் எஃகைவிடக் கடினமானது. பிஸ்டன் வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே அது சிக்கினால் அரத்தால் தேய்ப்பதுதான். ஃபில்டர் வைத்தால் அழுத்தம் சற்றுக் குறையும். வைக்காவிட்டால் எஞ்சினின் ஆயுள் குறையும். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவின் பாலைவனத்துக்கும் மால்டாவுக்கும் அனுப்பிய ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மூக்குக்கடியில் வோக்ஸ் நிறுவனத்தின் பெரிய ஃபில்டர் பெட்டியைப் பொருத்தினார்கள். தாடை தொங்கியதுபோன்ற அந்தப் பெட்டியால் விமானத்தின் வேகம் குறைந்தது. எகிப்தின் அபூகீர் பராமரிப்பு நிலையத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தாங்களே ஒடுங்கலான ஒரு ஃபில்டர் பெட்டியைச் செய்து பொருத்தினார்கள். புழுதியும் நிற்க வேண்டும், வேகமும் போகக் கூடாது என்று கையில் இருந்ததை வைத்து அவர்கள் கண்ட வழி, இன்று சொந்தக் கொட்டகையில் காற்றுப்பெட்டி செய்கிறவர் தேடும் வழிதான். ஃபில்டரின் பரப்பைக் கூட்டுவதே இதற்கு நல்ல உபாயம். அதே காற்று பெரிய பரப்பில் மெதுவாகக் கடந்தால் அழுத்த இழப்பு வெகுவாகக் குறையும்.

இதுவரை சொன்னதெல்லாம் குளிர்ந்த, சுத்தமான, அழுத்தமான காற்றைப் பற்றி. ஆனால் கார்புரேட்டர் உள்ள எஞ்சினுக்குச் சில நேரங்களில் இதற்கு நேர்மாறானது வேண்டும். சூடான காற்று, அதுவும் உடனே.

கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் பெட்ரோல் தெளிக்கப்பட்டு ஆவியாகிறது. ஆவியாகத் தேவைப்படும் வெப்பத்தை அது காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குறுகலில் காற்று விரைவதாலும் சில டிகிரி குறைகிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 30 டிகிரிக்கும் மேலே தாழ்த்தக்கூடும். காற்றில் ஈரம் இருந்தால் அது தொண்டையின் சுவரிலும் த்ராட்டில் தகட்டிலும் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலே இருக்கும்போது ஆபத்து அதிகம் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை. 38 டிகிரி வெப்பத்தில், 50 சதவீத ஈரப்பதத்தில்கூட இது நேரலாம் என்றும் அதே துறை எச்சரிக்கிறது. வெளியே வியர்த்துக்கொட்டும் நாளில் எஞ்சினுக்குள் பனிக்கட்டி வளர்கிறது என்பதைப் புதிய விமானிகள் நம்பத் தயங்குவதில் வியப்பில்லை.

எஞ்சினின் அமைப்பும் இதில் பங்கு வகிக்கிறது. லைகாமிங்கில் கார்புரேட்டர் ஆயில் தொட்டியின் அடியில் நேரே பொருத்தப்பட்டிருக்கிறது. காற்றுக் குழாய்களும் அந்தச் சூடான ஆயிலினூடே போகின்றன. அதனால் சக்தி சற்றுக் குறைந்தாலும் பனி பிடிப்பதும் குறைகிறது. காண்டினென்டல் எஞ்சின்களில் கார்புரேட்டர் ஆயில் தொட்டியின் சூடு எட்டாமல் தனியே தொங்குவதால் அவற்றில் பனி எளிதாகப் பிடிக்கும்.

புகைபோக்கிக் குழாயைச் சுற்றி ஒரு தகட்டுறை போட்டு, அதற்குள் சுற்றி வரும் சூடான காற்றை ஒரு நெகிழ்குழாய் வழியே காற்றுப்பெட்டிக்குக் கொண்டுவருவதே இதற்கான பாதுகாப்பு. பெட்டிக்குள் ஒரு கதவு. விமானியறையில் ஒரு கைப்பிடி. இழுத்தால் குளிர்காற்று அடைபட்டுச் சூடான காற்று வரும். தொழிற்சாலையில் செய்யப்பட்டுச் சான்றிதழ் பெறும் விமானத்தில், இத்தகைய கார்புரேட்டர் இருந்தால், முக்கால் சக்தியில் ஓடும்போது காற்றை 50 டிகிரி சூடாக்க முடிய வேண்டும் என்பது 2017 வரை அமெரிக்க விதியாக இருந்தது. சொந்தமாகக் கட்டும் விமானத்தை இந்த விதி கட்டுப்படுத்தியதில்லை. ஆனால் பனிக்கட்டிக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆகவே 50 டிகிரி வருகிறதா என்று அளந்து பார்ப்பதே சரி.

அளக்காமல் விடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரையிறங்க வரும்போது த்ராட்டிலை மூடுகிறோம். தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் மெல்லிய இடைவெளிதான் மிஞ்சுகிறது. அதை அடைக்கச் சிறிது பனியே போதும். அதே நேரத்தில் எஞ்சின் குறைந்த சக்தியில் ஓடுவதால் புகைபோக்கியும் ஆறிவிடுகிறது. ஆபத்து ஏறும் நேரத்தில் மருந்தின் வீரியம் இறங்குகிறது. அதனால்தான் த்ராட்டிலை மூடுவதற்கு முன்பே சூடான காற்றைத் திறந்துவிடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பனி ஏற்கெனவே பிடித்திருந்தால், கைப்பிடியை இழுத்ததும் எஞ்சின் முதலில் மேலும் மோசமாகும். உருகிய நீரை விழுங்கித் தடுமாறும். பயந்து கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிட்டால் காரியம் கெட்டது. சில விநாடிகள் பொறுத்தால் சுற்று வேகம் பழைய நிலையைத் தாண்டி ஏறும். பிறகு பனி உருகி ஓடிவிடுவதால் விபத்தை ஆராய்கிறவர்கள் கையில் தடயமும் கிடைப்பதில்லை.

எரிபொருளைப் பீய்ச்சும் எஞ்சினுக்கு இந்தப் பனித் தொல்லை இல்லை. ஆனால் மழையும் பனியும் கலந்த மேகத்தில் ஃபில்டரே உறைந்து அடைபடலாம். அதற்கு மாற்றுக் கதவு வேண்டும். எஞ்சின் இழுக்கும் இழுப்பிலேயே தானாகத் திறந்து, மூடிக்குள் இருக்கும் சூடான காற்றை உள்ளே விடும் கதவு நல்லது. அதை விமானி கையாலும் திறக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஃபில்டரைத் தாண்டிய பிறகு வரும் எதுவும் சிலிண்டருக்குள்தான் போகும். கழன்ற ஆணி, உடைந்த கதவின் துண்டு, உரிந்த பிசின் சில்லு எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான். ஆகவே காற்றுப்பெட்டியின் உட்புறத்தில் நட்டுகளைத் தவிர்த்து, தவிர்க்க முடியாதவற்றைக் கம்பியால் கட்டிவைக்கிறார்கள். சூடான காற்றைக் கொண்டுவரும் நெகிழ்குழாயில் இரட்டை உறை இருந்தால் உள்ளுறை காலப்போக்கில் பிரிந்து, வெளியே நன்றாகத் தோன்றும் குழாய் உள்ளுக்குள் அடைபடும். இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கழற்றி, விரல் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

பாதையே இளகி மடிந்துபோனால் என்ன ஆகும் என்பதை 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் விமான நிலையத்தில் நடந்த விபத்து காட்டியது. அது சொந்தமாகக் கட்டப்பட்ட கோசி மார்க் 4. விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டானின் லாங்-ஈஸி வழியில் வந்த, எஞ்சின் பின்பக்கம் உள்ள விமானம். இறங்க வரும் கடைசிக் கட்டத்தில் எஞ்சின் சக்தி இழந்தது. ஓடுபாதையைத் தொடுமுன் தரையில் இறங்கி, தரையிறங்கும் வழிகாட்டிக் கருவியின் ஆன்டெனாவில் மோதி நின்றது. விமானி உயிர் தப்பினார். பிரிட்டனின் விமான விபத்து ஆய்வுப் பிரிவு பிரித்துப் பார்த்தபோது, ஃபில்டரையும் எஞ்சினையும் இணைக்கும் முழங்கை வளைவு இளகி மடிந்து கிடந்தது. அது முப்பரிமாண அச்சில் செய்த பிளாஸ்டிக் பாகம். அமெரிக்காவில் ஒரு விமானக் கண்காட்சியில் வாங்கியது.

அதன் உரிமையாளர் யோசிக்காமல் வாங்கவில்லை. எந்தப் பிளாஸ்டிக்கும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் விறைப்பை இழந்து ரப்பரைப்போல் இளகத் தொடங்கும். கார்பன் இழை கலந்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு அது 105 டிகிரி என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. விமானத்தின் வரைபடங்கள் சொல்லும் எபாக்ஸி பிசினுக்கு, சூட்டில் வைத்துப் பதப்படுத்திய பிறகு 84 டிகிரி. 84ஐவிட 105 பெரியது. அவர் திருப்தியடைந்ததில் தவறில்லை. ஆனால் ஆய்வில் அந்த வளைவின் துண்டுகளைச் சோதித்தபோது வந்த விடை 52.8, 54.0 டிகிரி. எஞ்சின் மூடிக்குள் அது எட்டக்கூடிய வெப்பம்தான். இன்னொன்றும் தெரியவந்தது. மூல வரைபடத்தில் அந்த வளைவின் முனையில், ஃபில்டர் மாட்டும் இடத்தில், ஒரு மெல்லிய அலுமினியக் குழாய்த்துண்டு இருந்தது. வெப்பம் எவ்வளவு ஏறினாலும் வாய் மூடிக்கொள்ளாமல் தாங்குவதற்காக வைத்தது. அச்சிட்ட பாகத்தில் அது இல்லை.

அந்தச் சிறிய அலுமினிய வளையத்தை வரைந்த கையை நான் மிகவும் மதிக்கிறேன். பிசின் இளகக்கூடும் என்று ஒருவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறார். இளகினாலும் காற்று போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். அது வேகத்தைக் கூட்டுவதற்கு வைத்ததல்ல. காற்றுப்பாதையில் முதலில் வரைய வேண்டியது இத்தகைய பாகங்களைத்தான். விரியும் குழாயின் கோணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அச்சு இயந்திரம் கெட்டது என்று இதற்குப் பொருளல்ல. வார்ப்பு மாதிரி செய்ய அது அருமையான கருவி. முன்பெல்லாம் தெர்மோகோலைச் செதுக்கி, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் நனைத்து ஒட்டி, இறுகிய பிறகு உள்ளே அசிட்டோனை ஊற்றித் தெர்மோகோலைக் கரைத்துவிடுவார்கள். இன்றும் பலர் செய்கிறார்கள். பாலியெஸ்டர் பிசினை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலையே தின்றுவிடும். எபாக்ஸியையும் அறை வெப்பத்தில் இறுகவிட்டு அப்படியே பொருத்துவது போதாது. பக்குவமாகச் சூட்டில் வைத்தால்தான் அது தன் முழு வெப்பத் தாங்குதிறனை அடையும். விமானம் இறங்கி எஞ்சினை நிறுத்திய பிறகு குளிர்விக்கும் காற்றோட்டம் நின்றுபோவதால் மூடிக்குள் வெப்பம் இன்னும் ஏறும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புகைபோக்கியிலிருந்து சூடான காற்று வந்து சேரும் பகுதி உலோகமாகவே இருக்கட்டும்.

எஞ்சின் ரப்பர் தாங்கிகள்மீது அமர்ந்திருக்கிறது; கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் நன்றாகக் குலுங்கும். மூடியோ அசையாமல் உடலோடு பிணைந்திருக்கிறது. காற்றுவாய் மூடியிலும் பெட்டி எஞ்சினிலும் இருந்தால் இரண்டையும் விறைப்பாக இணைக்கக் கூடாது. நடுவே இடைவெளி விட்டு ரப்பர் பட்டையால் மூட வேண்டும். பெட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு துளையும் வேண்டும். குளிரில் எஞ்சினைக் கிளப்ப அதிகப் பெட்ரோல் விட்டால் அது கார்புரேட்டரிலிருந்து கீழே சொட்டிப் பெட்டியில் தேங்கும்; எஞ்சின் பின்னடித்தால் தீப்பற்றும். துளையின் வழியே அது சூடான புகைபோக்கிமீது சொட்டாமல் விலகி விழவும் வேண்டும்.

அமெரிக்காவில் கட்டி முடித்த விமானத்தைச் சோதித்துப் பார்க்க வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரப் பறப்பு ஒதுக்கப்படுகிறது. எஞ்சினும் புரொப்பெல்லரும் சான்றிதழ் பெற்ற ஜோடியாக இருந்தால் 25. இந்த நேரத்தில் காற்றுப்பாதையின் தரத்தை அளந்துவிடலாம். முழு த்ராட்டிலில் எஞ்சினுக்குள் உள்ள அழுத்தத்தை அந்த உயரத்தின் வெளி அழுத்தத்தோடு ஒப்பிட்டால் மோதும் காற்றின் லாபத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும். கார்புரேட்டரின் வாயில் ஒரு வெப்பமானியை வைத்துச் சூடான காற்றுக் கைப்பிடியை இழுத்தால் 50 டிகிரி ஏறுகிறதா என்று தெரியும். ஃபில்டரின் ஓரத்தில் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா என்பதைக் காட்ட ஆயிலே போதும். மாற்றும்போது ஒரு சிறு புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் சிலிக்கன் அளவைச் சொல்லிவிடுவார்கள். அது உயர்ந்திருந்தால் புழுதி உள்ளே போகிறது என்று பொருள். புதிய எஞ்சினில் மூட்டுகளை அடைக்கப் பூசிய சிலிகான் பசையும் அதே தனிமத்தைக் காட்டும். ஆகவே முதல் புட்டியை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், அடுத்த ஆயில் மாற்றத்திலும் ஒன்று அனுப்பி, அளவு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் மூடியைக் கழற்றி, ஃபில்டரின் விளிம்பிலிருந்து தேடத் தொடங்கலாம்.